ஹெடருக்கு ஹீட் ராப் சுற்றலாமா?

கேள்வி சுருக்கமாக இது. 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக். எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் கம்பெனி மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, உள்ளூரில் வளைத்து வெல்டிங் செய்த எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஹெடர் ஒன்றை, அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக வரும் நான்கு குழாய்கள் ஒன்றுசேரும் அமைப்பை, மாட்டியிருக்கிறீர்கள். அன்று முதல் பானட்டைத் திறந்தாலே முகத்தில் அனல் அடிக்கிறது, சிக்னலில் நின்றால் ஏசி தொய்கிறது. குழாய்மேல் சுற்றும், வெப்பம் தடுக்கும் நார்நாடாதான் ஹீட் ராப். பட்டறையில் "ஹீட் ராப் சுத்திடலாம் சார், சூடும் குறையும், பவரும் ஏறும்" என்கிறார்கள். நண்பரோ "சுத்தினா சீக்கிரமே பைப்பு கிராக் விட்டுடும்" என்கிறார். சுற்றலாமா, வேண்டாமா?

உங்கள் காருக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அந்தக் காசில் தகட்டில் ஒரு ஷீல்டு செய்து மாட்டுங்கள். ஆனால் இதே கேள்வியை டர்போ வைத்தவரோ ரேஸ் ஓட்டுபவரோ கேட்டால் நான் வேறு பதில் சொல்வேன். எதனால் பதில் மாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பட்டறையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே முடிவெடுத்துவிடலாம். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. முழு லோடில் சிலிண்டர் ஹெட்டை விட்டு வரும் புகை 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்தச் சூட்டில் ஒரு பகுதி குழாயின் சுவருக்கு ஏறுகிறது, சுவர் அதைச் சுற்றியுள்ள காற்றுக்கும் எதிரே இருக்கும் பொருட்களுக்கும் விடுகிறது. ஏறுவதும் இறங்குவதும் எங்கே சமமாகிறதோ அங்கே குழாயின் சூடு நிற்கும். வெறும் குழாய் என்றால் அது புகையைவிட நன்றாகவே குறைவான சூட்டில் இருக்கும், ஏனென்றால் வெளியே நிறைய விட்டுக்கொண்டே இருக்கிறது.

ராப் சுற்றினால் நீங்கள் அடைப்பது அந்த வெளிவழியை. புகை முன்பு வந்த அதே சூட்டில்தான் வருகிறது. எனவே உலோகம் புகையின் வெப்பநிலையை நோக்கி ஏறும். அட்டைப்பெட்டியில் "சூட்டைக் குறைக்கும்" என்று அச்சடித்திருப்பார்கள். பானட்டுக்குள் குறையும் என்பது மெய்தான். குழாய்க்கு அது கூடுகிறது என்பதை அச்சடிக்க மாட்டார்கள். எந்த வண்டியாக இருந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றே: உங்கள் குழாய் அந்தக் கூடுதல் சூட்டைத் தாங்குமா?

பானட்டுக்குள் குறையும் அளவு சாதாரணமானதல்ல, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சாகப் போகும் வெப்பம், கெல்வினில் எண்ணும் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் (அதே எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கிய கணக்கில்) போகும். வெறும் குழாயின் மேற்பரப்பு 600 டிகிரி, அதாவது 873 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். சுற்றியபின் ராப்பின் மேற்பரப்பு 250 டிகிரி, அதாவது 523 கெல்வின். இரண்டு பரப்பும் ஒரே மாதிரி கதிர்வீசும் என்று கொண்டால், சுற்றியது முன்பு வீசியதில் எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் மட்டுமே வீசும். பக்கத்தில் ஒயரோ ரப்பர் ஹோஸோ இருந்தால் இது பெரிய நிம்மதி. ராப்பை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சரி, பவர்? இரண்டு வழிகளில் ஏறும் என்பார்கள். ஒன்று, உள்ளே போகும் காற்று குளிரும். காற்றின் வெப்பநிலை 3 டிகிரி குறைந்தால் அதன் அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடும், 10 டிகிரி குறைந்தால் 3 சதவீதத்துக்கு மேல். இது நிஜமான லாபம்தான், ஆனால் எஞ்சின் பானட்டுக்குள் இருக்கும் காற்றை இழுத்தால்தான். கம்பெனி ஏர் பாக்ஸ் வெளிக்காற்றை இழுக்கும்படி செய்யப்பட்டது. அதைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டரை எஞ்சின் பக்கத்தில் மாட்டியவர்களுக்குத்தான் ஹெடர் சூடு உறைக்கிறது. அவர்களுக்கும் ராப்பைவிட மலிவான மருந்து ஒன்று உண்டு. பழைய ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டுவது.

இரண்டாவது, புகை சூடாக இருந்தால் வேகமாக ஓடும், சிலிண்டரை நன்றாக உறிஞ்சிக் காலியாக்கும் என்ற வாதம். இதில் அறிவியல் இருக்கிறது. ஹெடர் வேலை செய்வதே புகைக்குழாயில் ஓடும் அழுத்த அலைகளால். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் கிளம்பும் அலை குழாயின் முனையில் திரும்பி, அடுத்தமுறை வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நொடித்துளியில் உறிஞ்சலாக வந்து சேர வேண்டும். எந்த ஆர்பிஎம்மில் சரியாக வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளமும் புகையில் ஒலியின் வேகமும் முடிவு செய்கின்றன. ஒலியின் வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ராப் சுற்றியதால் புகை சராசரியாக 700-லிருந்து 750 டிகிரிக்கு ஏறியது என்றால் ஒலியின் வேகம் ஏறுவது இரண்டரை சதவீதம். அதாவது 5000 ஆர்பிஎம்மில் கிடைத்த நல்ல இழுவை 5125-க்கு நகரும். நகரும் என்று சொன்னதைக் கவனியுங்கள். குழாயின் நீளம் ஏற்கெனவே உங்கள் எஞ்சினுக்குச் சரியாக இருந்தால் இந்த நகர்வு சில இடத்தில் கூட்டிச் சில இடத்தில் குறைக்கும். கண்ணால் அளந்து வளைத்த ஹெடரில் இதைப் பற்றிப் பேசுவதே வீண். டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர் எஞ்சினில் இந்த வித்தியாசத்தை டைனோவில் (பவரை அளக்கும் மேடையில்) பிரித்துக் காட்டுவது கடினம். ஒரே காரைக் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை ஏற்றினால் வரும் வித்தியாசமே அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

இனி உலோகத்துக்கு வருவோம். நண்பர் சொன்ன கிராக் இங்கேதான் வருகிறது.

எம்.எஸ்., அதாவது மைல்டு ஸ்டீல் குழாய் என்றால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். சாதாரண இரும்பு 550 டிகிரியைத் தாண்டினால் வேகமாகப் பொருக்கு விட ஆரம்பிக்கும். மேலே கறுப்பாகச் செதில் எழும், உதிரும், அடியில் புது இரும்பு வெளிப்பட்டு அதுவும் செதிலாகும். ஒன்றரை மில்லி சுவரில் எத்தனை தடவை உதிர முடியும்? ஹெடர் தயாரிப்பவர்களில் பலர் ராப் சுற்றினால் வாரண்டி கிடையாது என்று எழுதி வைத்திருப்பது இதனால்தான்.

எஸ்.எஸ். என்றால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். எந்த எஸ்.எஸ். என்பதுதான் கேள்வி. 304 கிரேடு 870 டிகிரி வரை செதில் விடாமல் சமாளிக்கும், சூடேறி ஆறி மீண்டும் ஏறும் வேலையிலும்கூட. ஆனால் அதற்கு வேறொரு நோய் உண்டு. 425-க்கும் 850-க்கும் நடுவில் நெடுநேரம் இருந்தால் அதில் உள்ள கார்பன், குரோமியத்தோடு சேர்ந்து உலோக மணிகளின் எல்லைகளில் படியும். அந்த எல்லைகளில் துருவைத் தடுக்கக் குரோமியம் போதாமல் போகும். பிறகு ஈரமும் உப்பும் பட்டால் அந்த எல்லைகள் வழியாகவே அரிப்பு உள்ளே இறங்கும். வெல்டிங் ஓரங்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். டைட்டானியம் சேர்த்த 321 கிரேடு இதைத் தவிர்க்கவே உண்டானது. விமான எஞ்சின் புகைக்குழாய்களிலும் நல்ல டர்போ மேனிஃபோல்டுகளிலும் அதைப் பார்க்கலாம். நம் ஊர் பட்டறையில் அதை எதிர்பார்க்க முடியாது.

உள்ளூரில் செய்த ஹெடர் பெரும்பாலும் 304 கூட இருக்காது. ஜன்னல் கிரில்லுக்கும் மாடிப்படி கைப்பிடிக்கும் போகும் 202 குழாய் மலிவு, பளபளப்பும் அதே மாதிரி. அதில் நிக்கல் குறைவு, அந்த இடத்தை மாங்கனீஸ் நிரப்புகிறது. காந்தம் வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு, அது இங்கே உதவாது. 304-லும் ஒட்டாது, 202-லும் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் 409 ஆக இருக்கலாம். அது கம்பெனிகளே சைலன்சருக்குப் பயன்படுத்தும் கௌரவமான கிரேடுதான், ஒட்டியது என்பதற்காகத் திட்ட வேண்டாம். 202-ஐயும் 304-ஐயும் பிரிக்க ஸ்டீல் வியாபாரிகள் ஒரு சொட்டு மருந்து வைத்திருப்பார்கள். குழாயில் ஒரு துளி விட்டுச் சின்ன பேட்டரியைத் தொட்டால் மாங்கனீஸ் அதிகமுள்ளதில் நிறம் மாறும். ஹெடர் வாங்கும் முன் அதைச் செய்து பார்ப்பது நல்லது. மாட்டியபின் செய்தாலும் தெரிந்துகொள்ளலாம், மனக்கஷ்டம்தான் கூடும்.

அப்புறம் விரிவு. இதை யாரும் பேசுவதில்லை, கிராக்கில் பெரும்பங்கு இதற்கு. எஸ்.எஸ். 304 ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 17 மைக்ரான் நீளும். அரை மீட்டர் குழாய் 600 டிகிரி ஏறினால் 5 மில்லி நீளம். ஒரு முனை சிலிண்டர் ஹெட்டில் ஃபிளாஞ்சோடு (முனையில் வெல்டான தட்டையான தகட்டோடு) போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது, ஹெட் 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மறுமுனை மற்ற மூன்று குழாய்களோடு, நான்கும் ஒன்றாகும் கலெக்டரில் வெல்டாகியிருக்கிறது. நான்கும் ஒரே நீளம் இல்லை, ஒரே வளைவு இல்லை, ஒரே அளவு விரியவும் இல்லை. எல்லாம் சேர்ந்து இழுப்பது வெல்டிங் ஓரத்தை. ராப் சுற்றிக் குழாயை இன்னும் நூறு டிகிரி ஏற்றினால் இந்த இழுப்பும் கூடும், சூடான உலோகத்தின் பலமும் குறையும். இரண்டும் ஒரே நேரத்தில். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் கேட்டு, சூடானதும் காணாமல் போகிறதே, அது பெரும்பாலும் ஃபிளாஞ்ச் ஓரத்து விரிசல் அல்லது கேஸ்கெட் கசிவு. சூட்டில் விரிந்து மூடிக்கொள்கிறது. வெறும் குழாயில் அங்கே கரிப்படிவு தெரியும், பார்த்தவுடன் பிடித்துவிடலாம். ராப்புக்குள் எதுவும் தெரியாது.

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குச் சுற்றலாமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கூடாது. காஸ்ட் அயர்ன் இழுவிசையைத் தாங்காது, நெளிந்து கொடுக்கவும் தெரியாது. வெடிப்பு விடும்.

இந்த இடத்தில் ஒருவர் கேட்பார், "அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கெல்லாம் சுத்தித்தானே வச்சிருக்காங்க, அது வருஷக்கணக்கா நிக்குதே?" நல்ல கேள்வி. நிற்கிறதுதான். டீசல் ஜெனரேட்டரில் முழு லோடில் புகை சுமார் 450, 550 டிகிரி. குழாய் நாலைந்து மில்லி கனமுள்ள எம்.எஸ். பைப். எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவில் விரிவை வாங்கிக்கொள்ள மடிப்பு மடிப்பாக ஒரு பெல்லோஸ் இருக்கும். ராக்வூல் என்ற பாறைப்பஞ்சைச் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்தி, மழையும் எண்ணெயும் உள்ளே போகாதபடி மூடியிருப்பார்கள். கப்பல்களில் இன்னும் கண்டிப்பு. எண்ணெய்க் குழாய் உடைந்தால் எண்ணெய் தெறிக்கக்கூடிய இடத்தில் 220 டிகிரிக்கு மேல் சூடாகும் எந்தப் பரப்பும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. ஆகவே புகைக்குழாயை மூடுவது தவறான பொறியியல் இல்லை. அதற்கென்று கனம் வைத்து, விரிய இடம் வைத்து, வெளித்தகடு வைத்துச் செய்தார்கள். ஒன்றரை மில்லி கிரில் பைப்பில் வெறும் துணிநாடாவைச் சுற்றுவது அந்த வேலையில் நான்கில் ஒன்றை மட்டும் செய்வது.

வெளித்தகடு இல்லாததால் வருவன தண்ணீரும் எண்ணெயும்.

ராப் என்பது நெய்த நார். கண்ணாடி நாராகவோ, எரிமலைப் பாறையான பசால்ட்டை உருக்கி இழுத்த நாராகவோ இருக்கும். "டைட்டானியம் ராப்" என்று விற்பதும் பெரும்பாலும் பசால்ட் நார்தான், பெயர் நிறத்துக்காக. கண்ணாடி நார் சுமார் 650 டிகிரி வரை தாங்கும் என்றும் பசால்ட் சுமார் 980 வரை தாங்கும் என்றும் விற்பவர்கள் எழுதுகிறார்கள். எதுவானாலும் தண்ணீரை உறிஞ்சும். வண்டி ஓடும்போது அது பிரச்சினை இல்லை, சில நிமிடங்களில் ஆவியாகிவிடும். நிறுத்தி வைத்திருக்கும்போதுதான் கேடு. மழையில் நனைந்து வந்து இரண்டு கிலோமீட்டரில் ஆஃபீஸ் வாசலில் நிறுத்தினால் ராப் பாதி ஈரமாகவே இருக்கும். கடற்கரைக் காற்று அடிக்கும் ஊர் என்றால் உப்பும் சேர்ந்து உள்ளே தங்கும், தண்ணீர் போனாலும் உப்பு போகாது. சுத்திகரிப்பு ஆலைகளில் காப்புறைக்கு அடியில் நடக்கும் இந்த அரிப்பைத் தனி ஆபத்தாகவே கருதி, உறையைப் பிரித்துப் பிரித்துச் சோதிக்கிறார்கள். வெளியே உறை அழகாக இருக்கும், உள்ளே குழாய் தாளாக இருக்கும். தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு இது குறைவு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டிக்கு அதிகம். உங்கள் சிட்டி இரண்டாவது வகை என்று ஊகிக்கிறேன்.

எண்ணெய் இதைவிட மோசம். உங்கள் எஞ்சினில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. அதற்கு நேர் மேலே வால்வு கவர். இருபது வயதுக்கு மேலான ஹோண்டாவில் வால்வு கவர் கேஸ்கெட் ஒழுகுவது செய்தியே இல்லை. வெறும் ஹெடரில் ஒரு சொட்டு விழுந்தால் புகையும், நாறும், நீங்கள் பானட்டைத் திறப்பீர்கள். ராப்பில் விழுந்தால் ஊறிக்கொள்ளும். நாரில் பரவிய எண்ணெய் பெரிய பரப்பில் காற்றோடு கலந்து மெதுவாக வினைபுரியும், அந்தச் சூடு வெளியே போகாமல் சேரும், ஒரு கட்டத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆலைகளில் இப்படிப் பற்றிய தீ பழைய சங்கதி. பவர் ஸ்டியரிங் ஆயில், பிரேக் ஆயில் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கேஸ்கெட்டை மாற்றாமல் ராப் சுற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு, ராப்புக்கு நியாயமான இடங்களையும் சொல்ல வேண்டும்.

டர்போ எஞ்சினில் டர்பைனுக்கு முன்னால் இழக்கும் ஒவ்வொரு துளி வெப்பமும் டர்பைன் சுழல உதவியிருக்க வேண்டிய ஆற்றல். அங்கே சூட்டை உள்ளேயே வைப்பதில் லாபம் தெளிவாக இருக்கிறது, டர்போ சீக்கிரம் பூஸ்ட் பிடிக்கும். ஆனால் அந்த மேனிஃபோல்டு பெரும்பாலும் வார்ப்பிரும்பு, அதைத்தான் சுற்றக் கூடாது என்றேன். அதனால் டர்பைனை மூடியிருக்கும் ஹவுசிங்குக்கு அளவெடுத்துத் தைத்த டர்போ பிளாங்கெட், டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப்புக்கு ராப் என்று பிரித்துக்கொள்வார்கள். டவுன்பைப்பில் புகை ஏற்கெனவே டர்பைனில் விரிந்து ஆறியிருக்கும், குழாய்க்குச் சிரமம் குறைவு, ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்) பக்கம் போகும் ஒயர்களுக்கும் குழாய்களுக்கும் நல்லது. டீசல் எஸ்யூவிகளில் இதைச் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சில புது எஞ்சின்களில் ஹெடர் என்று ஒன்றே கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1.0 டிஎஸ்ஐ போன்றவற்றில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டு, தண்ணீரால் குளிர்கிறது. வேறு சில கார்களில் மேனிஃபோல்டை இரட்டைச் சுவராகச் செய்து நடுவில் காற்று விடுகிறார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை தொடங்கும் 250, 300 டிகிரியைச் சீக்கிரம் தொட வேண்டும் என்பது அதன் நோக்கம். சூட்டைப் புகையிலேயே வைக்க வேண்டும் என்ற ஆசை கம்பெனிக்கும் இருக்கிறது. அதற்கு அவர்கள் கண்டது உள்சுவர், வெளிச்சுவர், நடுவில் இடைவெளி. நாடா இல்லை.

ரேஸ் கார் தனி. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ சுற்றிய ஹெடரைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அந்த வண்டியில் ஹெடர் என்பது டயர் மாதிரி தேய்ந்து போகும் பொருள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பந்தயத்துக்குப் பந்தயம் பிரித்துப் பார்க்க ஆள் இருக்கிறது, மழையில் ஆஃபீஸ் வாசலில் நிற்பதில்லை, ஓட்டுநர் காலடி வேகாமல் இருந்தால் அதுவே ஒரு லாபம்.

புல்லட்டில் சுற்றுபவர்களைப் பற்றியும் கேட்டால்: தோற்றத்துக்குச் சுற்றுகிறார்கள், தோற்றம் நன்றாகத்தான் இருக்கிறது. காலில் சுடாது என்பது கூடுதல். மழைத்தண்ணீர் நேராக அடிக்கும் இடம் என்பதால் உள்ளே குரோம் போய்விடும். ராப்பைக் கழற்றி விற்கும்போதுதான் அது தெரியும்.

இப்போது உங்கள் வண்டி. முதலில், சூடு ஏன் கூடியது என்று பாருங்கள். கம்பெனி மேனிஃபோல்டுக்கு முன்னால் ஒரு தகர ஷீல்டு இருந்திருக்கும். புது ஹெடருக்கு அது பொருந்தாமல் பட்டறையிலேயே விட்டுவிட்டார்கள். கனமான பழைய மேனிஃபோல்டு ஷீல்டோடு இருந்தது, மெல்லிய புதுக் குழாய் வெறுமனே நிற்கிறது. நீங்கள் முகத்தில் உணர்ந்த அனலில் பெரும்பகுதிக்குக் காரணம் அந்தத் தொலைந்த தகரம்.

ஹெடரின் நிறத்தையும் பாருங்கள். எஸ்.எஸ். 304 காற்றில் சூடேறும்போது நிறம் மாறும். வைக்கோல் மஞ்சள் என்றால் சுமார் 340 டிகிரி, அடர் ஊதா என்றால் 450, அடர் நீலம் என்றால் 600 அளவுக்குப் போயிருக்கிறது. நெடுநாள் ஓட்டத்தில் நிறம் இன்னும் அடர்ந்து தெரியும், அதனால் தெர்மாமீட்டராக எடுத்துக்கொள்ளாமல் நான்கு குழாய்களையும் ஒப்பிடப் பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஏதோ கோளாறு. நான்குமே ஃபிளாஞ்ச் ஓரத்தில் சாம்பல் கறுப்பாக இருந்தால் டைமிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்களுடையது டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த எஞ்சின், யாராவது திருப்பிவிட்டு டைமிங் பின்தங்கியிருந்தால் எரிதல் தாமதமாகி, வேலையாக மாற வேண்டிய சூடு புகையில் போகும். ராப் அதை மறைக்கும், சரி செய்யாது.

ஏசி விஷயத்தில் ஹெடரைவிட எனக்கு வேறொன்றில் சந்தேகம். வண்டி ஓடும்போது காற்று முன்னாலிருந்து கண்டன்சர் (ஏசியின் சூட்டை வெளியே விடும் பகுதி), ரேடியேட்டர் வழியாக வந்து கடைசியில்தான் ஹெடரைத் தொடுகிறது. ஹெடர் சூடு கண்டன்சருக்குப் போக வழியே இல்லை. நிற்கும்போது ஃபேன் இழுக்கிறது. ரேடியேட்டருக்குப் பக்கவாட்டிலும் அடியிலும் இருந்த பிளாஸ்டிக் தடுப்புகளும் நுரைப்பட்டைகளும் இந்த வயது வண்டியில் உடைந்தோ காணாமலோ போயிருக்கும். அந்த ஓட்டை வழியே ஹெடரைத் தொட்ட சூடான காற்று முன்பக்கம் திரும்பி, கண்டன்சருக்குள் மறுபடி நுழைகிறது. அதனால்தான் சிக்னலில் மட்டும் ஏசி தொய்கிறது. தடுப்புகளை மாட்டி, இரண்டு ஃபேனும் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஹெடரைக் குறை சொல்லலாம். ஏசியின் குளிர்ந்த பக்கக் குழாய் ஹெடருக்குக் கிட்டே போனால் அதற்கு மட்டும் வெப்பம் தாங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

ஷீல்டு செய்ய ஒரு மில்லிக்குக் குறைந்த எஸ்.எஸ். தகடோ அலுமினியம் பூசிய ஸ்டீல் தகடோ போதும். டிங்கரிங் தெரிந்தவர் அரை நாளில் அடித்துவிடுவார். குழாயைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட வேண்டும், மேலும் கீழும் திறந்திருந்தால் காற்று ஓடும். வெறும் அலுமினியத் தகடு நன்றாகப் பிரதிபலிக்கும், ஆனால் 660 டிகிரியில் உருகும் உலோகம், குழாயை ஒட்டி வைக்கக் கூடாது. அதிரும் இடத்தில் வாஷர் வைத்து இறுக்கவில்லை என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்குள் தகரச் சத்தம் கேட்கும். ஷீல்டின் அழகு என்னவென்றால் குழாய் பின்பக்கமாகவும் காற்றிலும் சூட்டை விட முடிகிறது, ஒயருக்கும் ஃபேன் மோட்டாருக்கும் மட்டும் போகாமல் தடுக்கிறது. கையில் காசு இருந்தால் ஹெடரைக் கழற்றி உள்ளும் புறமும் செராமிக் கோட்டிங் கொடுக்கலாம். உள்ளே பூசுவதால் உலோகத்துக்கு ஏறுவதும் குறையும், ராப் செய்ய முடியாத காரியம் அது. ஆனால் 202 குழாய்க்கு அவ்வளவு செலவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இத்தனைக்கும் பிறகு சுற்றியே தீருவேன் என்றால், ஒழுங்காகச் சுற்றுங்கள். முதலில் எண்ணெய் ஒழுகல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பாய்லருக்குச் சுற்றும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். 50 மில்லி அகல பசால்ட் நாடா வாங்குங்கள். 42 மில்லி குழாயில் 12 மில்லி மேலேறும்படி சுற்றினால் ஒரு மீட்டர் குழாய்க்குச் சுமார் மூன்றரை மீட்டர் நாடா பிடிக்கும். அரை மீட்டர் வீதம் நான்கு குழாய்க்கு 7 மீட்டர், கலெக்டரையும் சேர்த்தால் 15 மீட்டர் ரோல் ஒன்று தாராளம். இரண்டு அடுக்கு சுற்றாதீர்கள். ஹெடரைக் கழற்றி வெளியே வைத்து, கலெக்டர் முனையில் தொடங்கி ஃபிளாஞ்சை நோக்கி மேலே வாருங்கள், அப்போதுதான் மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடும், மேலிருந்து வரும் தண்ணீர் உள்ளே இறங்காது. ஃபிளாஞ்ச் வெல்டிங்கை ஒட்டி இரண்டு விரல் இடம் விட்டுவிடுங்கள், விரிசல் வந்தால் கண்ணில் படட்டும். ஆக்சிஜன் சென்சாரையும் அதன் ஒயரையும் சேர்த்துச் சுற்றிவிடக் கூடாது. முனைகளை எஸ்.எஸ். டை போட்டு இறுக்குங்கள், பிளாஸ்டிக் டை முதல் ஓட்டத்திலேயே உருகிவிடும். கண்ணாடி நாராக இருந்தால் லேசாக நனைத்துச் சுற்றினால் படியும், தூசும் பறக்காது. எதுவானாலும் கையுறை, முழுக்கைச் சட்டை, மாஸ்க் அவசியம், இல்லையென்றால் இரவு முழுக்கச் சொறிய வேண்டியிருக்கும்.

முதல் ஓட்டத்தில் புகை வரும், நாற்றமும் வரும். நார் மேல் பூசிய பசை எரிவது அது, கொஞ்ச நேர ஓட்டத்தில் நின்றுவிடும். திறந்த வெளியில் நிறுத்தி, தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நின்ற புகை சில வாரம் கழித்து மறுபடி வந்தால் அது பசை இல்லை, எண்ணெய். அன்றே வண்டியை நிறுத்தி வால்வு கவர் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். ஹெட்டில் உள்ள ஸ்டட் நட்டுகளை மாட்டி ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை, எஞ்சின் நன்றாக ஆறியபின் டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்துச் சரிபாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் கீழ்முனை டையை அவிழ்த்து, ஒரு சாண் அளவு நாடாவைப் பிரித்துக் குழாயைச் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் முழுவதையும் பிரித்துவிடுங்கள், மறுபடி சுற்ற வேண்டாம்.